முழங்காலுக்கு யார் பணம் தருவது?

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். லட்சம் பெண்கள் ஓட்டப் பழகினார்கள் என்று பி.சாய்நாத் எழுதினார். சரி, அன்று முப்பது வயதில் பெடல் மிதித்தவருக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. அவர் முழங்கால் எப்படி இருக்கிறதாம்?

குசும்புக்குக் கேட்கவில்லை. நாற்று நட்டு, கல் உடைத்து, குடம் சுமந்து, சைக்கிளும் மிதித்த உடம்பு. அந்த உழைப்பு எலும்பைக் காப்பாற்றியதா, மூட்டைத் தேய்த்ததா? தசை இழுக்க இழுக்கத்தான் எலும்பு கெட்டிப்படும். தசை மெலிந்தால் பாரமெல்லாம் மூட்டில் இறங்கும். மாதவிலக்கு நின்றபின் எலும்பு வேகமாகக் கரையும். மூன்றும் ஒரே கூட்டுக்குடும்பம். நாமோ எலும்புக்கு ஒரு டாக்டர், வாதத்துக்கு ஒரு டாக்டர் என்று பாகப்பிரிவினை செய்துவிட்டோம். தசைக்கு ஆளே இல்லை. வயதானால் தசை மெலிவதற்கு 'சார்கோபீனியா' என்று பேர் வைத்ததே 1989-ல்தான்!

பிரிட்டனில் 2012-ல் அரசின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் மூட்டுவாத அறக்கட்டளையும் சேர்ந்து பணம் போட்டன. ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுக்காமல் லிவர்பூல், ஷெஃபீல்ட், நியூகாஸில் மூன்றையும் ஒரே மையமாக உட்கார வைத்தார்கள். பர்மிங்ஹாமும் நாட்டிங்ஹாமும் இன்னொரு மையம்.

இங்கே? 2017 ஆகஸ்டில் செயற்கை முழங்காலுக்கு விலை உச்சவரம்பு வந்தது. 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' பிசியோதெரபியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. 2024-ல் கிண்டியில் முதியோருக்கென்று தனி மருத்துவமனை. எல்லாம் நல்ல காரியம், கும்பிடுகிறேன். ஆனால் தேய்ந்தபின் பார்க்கத்தான் பணம் இருக்கிறது. ஏன் தேய்ந்தது என்று கேட்க?

'முதல்ல ஆஸ்பத்திரியில மாத்திரை இருக்கட்டும் சார், ஆராய்ச்சி அப்புறம்' என்பீர்கள். இதே புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் நன்கொடை திரட்டி, 12 படுக்கையோடு அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டைத் தொடங்கினார். சிகிச்சையும் ஆராய்ச்சியும் அங்கே ஒரே கூரையின் கீழ்தான் வளர்ந்தன. கர்நாடகத்தில் சீனிவாசபுரம் தாலுகா கிராமத்து ஜனங்களின் மூளை எப்படி முதுமையடைகிறது என்று இந்திய அறிவியல் கழக வளாகத்து மையம் வருடக்கணக்கில் பின்தொடர்கிறது. அந்த மையத்துக்குப் பணம் தந்தது இன்ஃபோசிஸ் கிரிஸ் கோபாலகிருஷ்ணனின் அறக்கட்டளை. மூளைக்கு முடிந்தது முட்டிக்கு முடியாதா?

பணம் இல்லாமல் இல்லை. 2023-ல் சட்டம் போட்டு அமைத்த தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஐந்தாண்டு இலக்கு 50,000 கோடி. (அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வரவேண்டுமாம். வரட்டும்.) புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பக்கத்துத் திருச்சியில் என்.ஐ.டி. எஞ்சினீயர்களும் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் இருக்கிறார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரே நிதி, ஒரே கணக்கு, இருபது வருட உத்தரவாதம் கொடுங்கள். சேர்ந்து வேலை செய்யாவிட்டால் பைசா கிடையாது என்று எழுதிவிடுங்கள்.

சைக்கிள் கற்ற அந்தப் பெண்களில் பலர் எழுபதை நெருங்குகிறார்கள். 2040-ல் ஆரம்பித்தால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?