கல்நார்க் குப்பையும் சர்க்கார் கடமையும்

2024ஆம் வருஷம் நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கரை ஏறிற்று. அதையொட்டி மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. மரக்காணத்து உப்பளங்கள் நீரில் மூழ்கின. 2004இல் ஆழிப்பேரலையும், 2011இல் தானே புயலும் இக்கரையை வாட்டியதை ஜனங்கள் மறக்கவில்லை. ஒவ்வொரு முறையும் மந்திரிகள் வருகிறார்கள். படகுக்கும் பயிருக்கும் கணக்கெடுக்கப்படுகிறது. இடிந்த வீட்டின் குப்பையைக் கணக்கில் சேர்ப்பார் மட்டும் இல்லை. அக்குப்பையைப் பற்றியே இன்று எழுதப் புகுந்தோம்.

நம் கடற்கரைச் சிற்றூர்களில் ஓலைக்கூரையின் இடத்தை 'சிமெண்ட் ஷீட்' என்று வழங்கும் கல்நார்த் தகடு பிடித்திருக்கிறது. விலை மலிவு; தீப்பற்றாது; உப்புக் காற்றில் துருவேறாது. ஏழைகள் அதை வாங்குவதில் குற்றமில்லை. ஆனால் அத்தகட்டில் சிமெண்டோடு கலந்திருப்பது கல்நார் இழை. தகடு முழுதாயிருக்கும் வரை இழை பெரும்பாலும் கட்டுண்டு கிடக்கும். காற்றில் நொறுங்கினாலும், சம்மட்டியால் உடைத்தாலும், கண்ணுக்குப் புலப்படாத துகளாகப் பறந்து நுரையீரலில் போய்த் தங்கும். நுரையீரல் இறுகும் வியாதியும் புற்றுநோயும் அதனால் உண்டாகின்றன. வியாதி தலைகாட்டப் பல பத்தாண்டுகள் ஆகலாம். கல்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோய் விளைப்பவையே என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் முடிவு.

1995ஆம் வருஷம் ஜப்பானில் கோபே நகரம் பூகம்பத்தால் இடிந்தது. இடிபாடுகளை அவசர அவசரமாக அகற்றிய தொழிலாளரிற் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்துக் கல்நாரால் வரும் புற்றுநோய் கண்டது. பூகம்பம் சில விநாடிகளில் ஓய்ந்தது. அதன் புழுதியோ பின்னரும் பலி கொண்டது. இது நமக்குப் பாடமாக வேண்டாமா?

நம் சட்டம் என்ன சொல்லுகிறது? 2016ஆம் வருஷத்து அபாயக் கழிவு விதிகளின்படி, தொழிற்சாலையில் மிஞ்சும் கல்நார்க் கழிவு அபாயகரமானது. கட்டிட இடிபாட்டுக் கழிவுக்கென மத்திய சர்க்கார் 2025இல் புதிய விதிகளை வெளியிட்டனர். 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்குரியவை அவை. இயற்கை உற்பாதங்களால் விளையும் இடிபாடுகளுக்கோ அவ்விதிகள் பொருந்தா என விலக்களித்திருக்கின்றனர். ஆலையில் அபாயமான பொருள் மீனவர் முற்றத்தில் வெறுங் குப்பையாகி விடுமா? உற்பாத காலத்தில் வேகம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. வேகம் வேண்டுமென்றால் முன்னேற்பாடு வேண்டும். விதியே வேண்டாம் என்பது அதற்கு வழியன்று.

2005ஆம் வருஷக் கடைசியில் கல்நார் நிறைந்த கிளெமான்ஸோ என்னும் பழைய போர்க்கப்பலை உடைப்பதற்காகப் பிரான்ஸ் நம் குஜராத் கரைக்கு அனுப்பிற்று. எதிர்ப்பு வலுக்கவே, நடுவழியில் அதைத் திருப்பி அழைத்துக் கொண்டது. அறுபதுக்கு மேற்பட்ட தேசங்கள் கல்நாரை விலக்கிவிட்டன. நாமோ ருஷ்யா முதலிய தேசங்களிலிருந்து அதை இன்றும் வரவழைத்துக் கொண்டிருக்கிறோம். அயலார் கப்பலுக்குக் காட்டிய ரோஷத்தை நம் ஏழையின் கூரைக்கும் காட்டுதல் தகும்.

அதுவரையில் செய்யத்தக்கவை சில உள. அவற்றுக்குப் பெருஞ் செலவும் வேண்டியதில்லை. கடலோரப் பேரூராட்சிகளும் பஞ்சாயத்துக்களும் கல்நார்க் கூரைகளை இப்போதே கணக்கெடுத்து வைக்கவேண்டும். புயலுக்குப் பின் அத்தகடுகளைச் செங்கல் மண்ணோடு கலவாமல், நீர் தெளித்து, உடைக்காமல் எடுத்து, கனத்த பாலிதீன் தாளிற் சுற்றித் தனியே வைக்கவேண்டும். எடுப்போருக்குத் துகளைத் தடுக்கும் முகமூடி கொடுக்கவேண்டும். சாதாரணத் துணி போதாது. சேர்ந்ததைக் கும்மிடிப்பூண்டியிலுள்ள அபாயக் கழிவு நிலத்துக்கு அனுப்பும் செலவைச் சர்க்கார் ஏற்கவேண்டும். சாலைப் பள்ளத்தை நிரப்பவும், உப்பளக் கரையை உயர்த்தவும், 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளியின் ஓரத்திற் கொட்டவும் ஒருபோதும் இடந்தரலாகாது. கூரையிழந்தவருக்குத் தரும் நிவாரணம், மீண்டும் கல்நார்த் தகடே வாங்கும் அளவோடு நின்றுவிடவுங் கூடாது.

உப்பளத்திற் பாடுபடும் தொழிலாளிக்கு வெயிலும் உப்புமே போதிய துன்பம். புயல் ஓய்ந்த பின்னும் அவன் மக்கள் மார்பில் நஞ்சு தங்க விடுவது நியாயமாகாது. வடகிழக்குப் பருவம் ஆண்டுதோறும் வரும். அதற்குள் விதி பிறக்கவேண்டும். தேசத் தொண்டர்கள் ஊர்தோறும் இதை எடுத்துச் சொல்லிச் சர்க்காரை வற்புறுத்துவார்களாக.