மடிக்கணினி முனகுகிறதா? காது கொடுங்கள்!

சந்தையில் மண்பானை வாங்கும் பாட்டியைக் கவனித்திருக்கிறீர்களா? பானையைக் கையில் எடுத்து விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். ‘கணீர்’ என்று ஒலித்தால் காசைக் கொடுப்பார். ‘டொக்’ என்று ஒலித்தால் பேசாமல் வைத்துவிடுவார். கண்ணுக்குப் புலப்படாத விரிசல் அவர் காதுக்குப் புலப்பட்டுவிடுகிறது.

மருத்துவர்களும் இந்தக் கலையைக் கையாண்டார்கள். ஆஸ்திரிய மருத்துவர் ஆவன்புருக்கர், நோயாளியின் மார்பைத் தட்டி, எழும் ஒலியின் வேறுபாட்டால் உள்ளிருக்கும் கோளாற்றை அறியும் முறையை 1761இல் நூலாக வெளியிட்டார். 1816இல் பிரெஞ்சு மருத்துவர் லென்னக் சில தாள்களைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையை நோயாளியின் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்துக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் இவ்வாறுதான் பிறந்தது.

மாணவ நண்பர்களே! இத்தனை பழமையான கலையை நம் வீட்டு மடிக்கணினியிடம் மட்டும் நாம் ஏன் மறந்துவிடுகிறோம்? தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசுத் திட்டத்தால் மடிக்கணினி ஏராளமான வீடுகளுக்குள் முதன்முதலாக நுழைந்தது. அக்காளுக்குக் கிடைத்தது தம்பிக்கு வந்து, தம்பிக்குப் பின் தங்கைக்கும் வந்திருக்கும். ஒருநாள் அது உறுமுகிறது, அல்லது ‘டிக் டிக்’ என்கிறது. உடனே வீட்டில் இரண்டே தீர்ப்புகள்: “பழசாகிவிட்டது, தூக்கிப் போடு” அல்லது “கடையில் கொடுத்துவிடு”. இந்த இரண்டுக்கும் முன்னால் மூன்றாவதாக ஒன்று உண்டு. அது என்ன ஒலி, எங்கிருந்து வருகிறது, எப்போது வருகிறது என்று நீங்களே ஆராய்வதுதான் அது. பள்ளி ஆய்வகத்தில் எளிதில் கிடைக்காத அருமையான சோதனை அது என்பது என் கருத்து.

எத்தனை ஒலிகள்!

ஆராயத் தொடங்குமுன் ஒரு கட்டாயக் கடமை. கணினியில் உள்ள படங்கள், சான்றிதழ்கள், பாடக் குறிப்புகள் அனைத்தையும் வேறோர் இடத்தில் படியெடுத்து வையுங்கள். ஏன் என்பது சற்று நேரத்தில் விளங்கும்.

இப்போது லென்னக் செய்ததைச் செய்யுங்கள். நோட்டுத் தாளைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை மடிக்கணினியின் ஒவ்வொரு மூலைக்கும் கொண்டு செல்லுங்கள். ஒலி எங்கே வலுக்கிறதோ அங்கே அதன் பிறப்பிடம் இருக்கக்கூடும். ஒரு திருகாணியைக்கூடக் கழற்றத் தேவையில்லை.

முதலில் விசிறி. அது நிமிடத்திற்கு 3000 முறை சுழல்வதாகக் கொள்வோம். அதாவது நொடிக்கு 50 சுற்று. பேரிங் எனப்படும் தாங்கி தேய்ந்து விசிறி தள்ளாடினால், தள்ளாட்டம் நொடிக்கு 50 முறை நிகழும். தாழ்ந்த உறுமல் கேட்கும். மாறாக, விலகிய கம்பியொன்று இதழ்களில் உரசுவதாக வைத்துக்கொள்ளுங்கள். விசிறியில் 29 இதழ்கள் இருந்தால் நொடிக்கு 50 × 29 = 1450 மோதல்கள்! ஒலி உச்சத்தொனியில் ரீங்கரிக்கும். ஆகவே ஒரே விசிறியின் இருவேறு நோய்களைத் தொனியே பிரித்துக் காட்டுகிறது.

சில சமயம் விசிறி நலமாகவே இருக்கும், ஆனாலும் இரையும். வெப்பம் வெளியேறும் உலோகத் தகடுகளுக்கிடையே தூசி அடைத்துக்கொண்டால் காற்று புகாது. கணினி சூடேறும். சூட்டைத் தணிக்க விசிறி மேலும் வேகமாகச் சுழலும். விசிறியின் வேகம் இரு மடங்கானால் அதன் ஒலித்திறன் ஏறத்தாழ 32 மடங்காகும், அதாவது 15 டெசிபல் உயரும் என்பது பொறியாளர்கள் கையாளும் விதி. நோய் ஓரிடம், முனகல் ஓரிடம்! இங்கே தேவைப்படுவது புது விசிறியன்று. தகடுகளிலுள்ள தூசியை அகற்றுவதுதான்.

அடுத்தது ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டு. பழைய மடிக்கணினிகளில் இது பெரும்பாலும் நிமிடத்திற்கு 5400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுழலும். வேலை கூடினாலும் குறைந்தாலும் அதன் சுழல் வேகம் மாறாது. விசிறியின் வேகமோ வேலைக்கேற்ப ஏறி இறங்கும். இதையே சோதனையாக்கலாம். பெரிய படக்காட்சி ஒன்றை ஓடவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருங்கள். தொனி உயர்ந்தால் ஐயம் விசிறியின் மேல். மாறாமலே இருந்தால் ஐயம் தட்டின் மேல்.

வன்தட்டில் தகவலைப் படிக்கும் முனை, சுழலும் தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70,000 நானோமீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள்! அந்த முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் மீண்டும் மீண்டும் தொடக்க நிலைக்குத் திரும்பும்போது சீரான ‘டிக்… டிக்…’ எழும். இது அபாய அறிவிப்பு. அந்தத் தட்டு எந்த நேரத்திலும் முழுதாக நின்றுபோகலாம். முதலில் படியெடுக்கச் சொன்னதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா? இதற்கு மருந்து இல்லை, மாற்றுத்தான் உண்டு. அசையும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. வகைச் சேமிப்பகத்தைப் பொருத்தினால் பழைய கணினி ஓசையின்றி, முன்னிலும் விரைவாக ஓடும்.

மூன்றாவது ஒலி வேடிக்கையானது. மெல்லிய ‘கீ…’ என்னும் கீச்சு. திரையை மேலும் கீழும் நகர்த்தினால் அதுவும் ஏறி இறங்கும். சுழலும் பொருள் எதுவுமில்லாத இடத்திலிருந்து வரும்! தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மின்னோட்டத்தின் ஒவ்வோர் அலைவிலும் அதன் இரும்பு உள்ளகம் இருமுறை நுண்ணளவில் நீண்டு சுருங்குகிறது. ஆகவே 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் 100 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தைத் தருகிறது. காந்தப்புலத்தால் இரும்பின் நீளம் மாறுவதை ஜூல் 1842இலேயே கண்டறிந்தார். மடிக்கணினியின் சிறு கம்பிச்சுருள்களும் மின்னோட்டம் மாறும்போது இவ்வாறே அதிர்கின்றன. காதுக்குத் தொல்லையே தவிரப் பெரும்பாலும் கணினிக்குக் கேடில்லை.

ஒலிபெருக்கியிலிருந்து இரைச்சல் வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது மின்இணைப்பின் வழியாக வந்த விருந்தாளி.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. மூடியைத் திறக்கும்போது உடல் நெரிபடும் ஓசையும், விசைப்பலகை மேலெழும்பிய தோற்றமும் சேர்ந்திருந்தால் உள்ளே பேட்டரி வீங்கியிருக்கக்கூடும். அங்கே சோதனைக்கு இடமில்லை. உடனே அணைத்துவிட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும்.

விடை தெரியாத சோதனை

“படிக்கிற பிள்ளைக்கு மெக்கானிக் வேலை எதற்கு?” என்று சிலர் கேட்பார்கள். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் என் விடை இது. தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 980 என்று வரவேண்டுமென மாணவர் முன்பே அறிவார். 930 வந்தால் அளவீட்டை ஆராய்வதை விட்டு எண்ணைத் திருத்துவோர் உண்டு. மடிக்கணினியின் முனகலுக்கு எந்த வழிகாட்டி நூலின் கடைசிப் பக்கத்திலும் விடை அச்சாகவில்லை. கருதுகோள் சொல்லி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாற்றாமல் வைத்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். அறிவியல் முறை என்று பாடநூலின் முதல் அத்தியாயம் சொல்வதும் இதைத்தானே!

“ஆபத்தாயிற்றே?” என்பது நியாயமான கேள்வி. கேட்பதில் ஆபத்தில்லை, திறப்பதில் உண்டு. ஆகவே திறக்கும்போது விவரமறிந்த பெரியவர் அருகிலிருக்க வேண்டும். கணினியை அணைத்து, சார்ஜரையும் பேட்டரி இணைப்பையும் நீக்கியாக வேண்டும். தூசியை ஊதும்போது விசிறி இதழைக் குச்சியால் நிறுத்திக்கொள்ள வேண்டும். அளவுமீறிச் சுழன்றால் தாங்கி கெடும். சார்ஜரையும் வன்தட்டையும் ஒருபோதும் பிரிக்கக்கூடாது.

ஐக்கிய நாடுகளின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2022இல் உலகம் எறிந்த மின்னணுக் கழிவு 620 இலட்சம் டன். அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடே. தூசி அடைத்த ஒரே காரணத்துக்காக ஒரு நல்ல கணினி அந்தக் குவியலில் சேர்வது அறிவுடைமை ஆகுமா?

எனவே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பள்ளியின் அறிவியல் மன்றமும் பழைய மடிக்கணினி ஒன்றை ஆய்வகத்தில் வைக்கட்டும். ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்னும் இலவசச் செயலியை ஆசிரியரின் கைப்பேசியில் நிறுவினால் ஒலியின் அதிர்வெண்ணையே அளக்கலாம். ஊரில் கணினி பழுதுபார்ப்பவரை ஒருநாள் விருந்தினராக அழையுங்கள். கேட்ட மாத்திரத்தில் “இது பேரிங்” என்று அவர் சொல்வது பல்லாண்டுப் பயிற்சியில் விளைந்த அறிவு. நம் மேடையில் அதற்கும் ஒரு நாற்காலி வேண்டும்.

சில வேளைகளில் ஆராய்ச்சியின் முடிவு, “இதைச் சரிசெய்ய இயலாது” என்பதாகவும் இருக்கும். அதனால் சோர வேண்டாம். காரணம் தெரிந்து கைவிடுவது வேறு, தெரியாமல் கைவிடுவது வேறு. ஒரு நோட்டை எடுத்து ஐந்து பத்திகள் போடுங்கள்: ஒலி, நேரம், கருதுகோள், சோதனை, முடிவு. உங்கள் வீட்டு மடிக்கணினி அடுத்த முறை முனகும்போது முதல் வரியை எழுதத் தொடங்குங்கள்.