குடையும் நடையும்

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியிலும் குடை பிடிப்பான் என்பது நம்மவர் பழமொழி. குடை ஒரு காலத்திற் பெருமையின் சின்னமாய் இருந்தமையாலேயே இப்பழமொழி பிறந்தது. பண்டைத் தமிழ் வேந்தரின் வெண்கொற்றக்குடை மழைக்கும் வெயிலுக்குமாக எழுந்ததன்று. குடிகளுக்கு மன்னன் அளிக்கும் தண்ணிழலின் அடையாளம் அது. இன்று குடை எல்லார் கையிலும் உண்டு. ஆயினும், கடையிற் குடை தெரியும்போது நம்மிற் பலர் அந்தப் பழைய பெருமையையே தெரிகின்றோம். என் வீட்டு அநுபவம் ஒன்று இதனை எனக்கு உணர்த்திற்று.

சென்ற புரட்டாதியில், மாரி தொடங்குமுன், என் தந்தையார் வைத்துப்போன நீண்ட கறுத்தக் குடையை மகளிடம் நீட்டினேன். "உதைப் பிடிச்சுக்கொண்டு போனால் எல்லாரும் சிரிப்பினம், அப்பா" என்றாள். அவளைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஆடவர் குடை பிடிப்பது நகைப்புக்கிடமான இலண்டன் மாநகரிலே, ஜோனாஸ் ஹான்வே என்பவர் குடையுடன் உலாவினார். ஊரார் சிரித்தனர், மழைநாளில் தம் வருவாய் குறையுமென்று வாடகைக் குதிரைவண்டிக்காரர் வெகுண்டனர். பிறர் சிரிப்புக்கு அஞ்சாதிருக்க ஹான்வேயின் துணிவு வேண்டும். பதினான்கு வயதுச் சிறுமியிடம் அதனை எதிர்பார்க்கலாமா?

ஆகவே, அவள் விரும்பியவாறே மூன்றாய் மடியும் ரோசாநிறக் குடையொன்றை வாங்கினோம். முதல் மழையிற் சாயம் கரைந்து வெள்ளைச் சீருடையிற் படிந்தது. இரண்டாம் மழையிற் காற்று அதனைத் தலைகீழாகப் புரட்டிற்று. பரீட்சைக்கென ஒரு தவணை முழுவதும் அவள் எழுதிய குறிப்புகள் நனைந்து மை பரந்தன. அன்று அவள் அழுத அழுகை எனக்குப் பாடமாயிற்று.

அப்பாடத்தை இங்கே தருகின்றேன். முதலிற் கம்பியைப் பாருங்கள். திமிங்கிலத்தின் வாய்த்தகட்டாற் குடைக்கம்பி செய்த காலம் ஒன்றிருந்தது. 1852இல் சாமுவேல் பொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் வாய்க்கால் போலக் குழிந்த உருக்குக் கம்பியை அமைத்தார். குழிவினாற் பாரம் குறைந்தது; உறுதி குறையவில்லை. தட்டையான மெல்லிய தகடு எளிதில் மடங்கிவிடும். இக்காலத்துக் கண்ணாடியிழைக் கம்பியோ வளைந்து மீள வல்லது. மடிப்பு மிகுந்தால் மூட்டு மிகும். மூட்டுத்தோறும் ஒரு பலவீனம் உண்டு. பையில் வைத்துச் சிறிது தூரம் நடப்பவருக்கு மடக்குக்குடை போதும். வயல்வெளியூடே நடப்பவருக்கு நீண்ட குடையே துணை. சீலை இரண்டு அடுக்காய் அமைந்த குடை காற்றை மேலே போகவிடும். சோளகம் வீசும் வெளிகளில் அது நன்று. மாணவர் புத்தகப்பையை முதுகில் மாட்டிக்கொண்டே குடையை விரித்துப் பார்க்க வேண்டும். பையும் உள்ளே அடங்குதல் அவசியம்.

அடுத்து, சீலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவுமாயின் நெசவு நெருக்கமன்று. நெருங்கிய நெசவும் கருமை சார்ந்த நிறமும் புறஊதாக் கதிரை நன்கு தடுக்கும். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துச் சீலையில் ஒரு மூலையிலே தேய்த்தால் சாயத்தின் உண்மை வெளிப்படும்.

அழகு வேண்டாவா? வேண்டும். பெண்கள் தாம் அடிக்கடி உடுக்கும் நான்கைந்து சேலைகளைப் பரப்பி, கரைகளிற் பெரிதும் காணப்படும் நிறத்தைத் தெரிக. அரக்கு, கருநீலம், கரும்பச்சை ஆகியவை பல சேலைகளுக்கு இசையும். பூவேலை மிகுந்த சேலைக்கு வெறுநிறக் குடையே அழகு. வெள்ளை வேட்டிக்குக் கறுத்தக் குடை என்றும் பிழையாகாது.

இவ்வளவும் கற்று, மகளுக்குக் கருநீலக் குடையொன்று வாங்கிவந்தேன். மழை விட்ட மாலையில் அதனை விறாந்தையிலே உலர விரித்தபோது, பக்கத்தில் மனைவியின் குடை கிடந்தது. இரண்டு கம்பிகள் நூலாற் கட்டப்பட்டிருந்தன. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன்.

"மூண்டு மாரியாச்சு. எனக்கென்ன அவசரம்? இன்னும் ஒரு மாரிக்குக் காணும்" என்றாள்.

நான் கல்லூரி வாயில் வரை பஸ்ஸிற் செல்பவன். என் நல்ல குடை பெரும்பாலும் ஆசிரியர் அறையிலே தொங்குகின்றது. சந்தைக்கும் கோயிலுக்கும், நோயுற்ற உறவினர் வீட்டுக்கும் நாள்தோறும் நடப்பவள் அவள். அவள் கையிலோ முறிந்த குடை! நிறத்தையும் நெசவையும் ஆராய்ந்த எனக்கு இது மூன்று ஆண்டுகளாகத் தெரியவில்லை.

வாசகர்களே, குடை வாங்கப் புறப்படுமுன் வீட்டிலுள்ள குடைகளையெல்லாம் ஒருமுறை விரித்துப் பாருங்கள். எந்த நிறம் என்ற கேள்வி பிறகு வரட்டும். இவ்வீட்டில் மிகுதியாக நடப்பவர் யார் என்பதே முதற் கேள்வி.