ஹெவி போடப் போகும் தம்பிக்கு

பெங்களூரு நீலசந்திரா பஜார் தெருவில் சாயங்காலம் குட்டி யானை என்கிற சின்ன சரக்கு வண்டி ஒன்று நுழைந்தாலே போதும், முன்னால் ஆட்டோ, பின்னால் ஸ்கூட்டர், நடுவில் தள்ளுவண்டி என்று தெரு முழுக்க ஹாரன் சத்தம்தான். பன்னிரண்டு சக்கர லாரிக்கு இந்தப் பக்கம் வழியே கிடையாது. ஆனால் அப்படிப்பட்ட லாரி ஓட்டுகிறவர்கள் இங்கே குடியிருக்கிறார்கள். வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டுத் தூங்கி, மறுபடியும் கிளம்பிப் போகிறவர்கள்.

அவர்களைப் பார்த்து வளர்ந்த பையன் ஒருத்தன் போன வாரம் கேட்டான்: "அண்ணா, ஹெவி லைசென்ஸ் போடணும். பணம் குடுத்தா எல்லாத்தையும் நானே முடிச்சுத் தர்றேன்னு ஒருத்தர் சொல்றாரு. குடுக்கலாமா?" அவனுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். லாரி உரிமையாளர்கள் டிரைவர் கிடைக்கவில்லை என்று வருடக்கணக்கில் புலம்புகிற காலம் இது. அதனால் இந்தக் கேள்வி இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில் சட்டம். மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயதில் கார் லைசென்ஸ் எடுக்கலாம். சரக்கு வண்டியோ பயணி வண்டியோ ஓட்ட வேண்டுமானால் 20 வயது முடிந்திருக்க வேண்டும். அதோடு, கார் லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தால்தான் ஹெவிக்கு எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) போட முடியும். எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்று முன்பு ஒரு விதி இருந்தது, 2019-இல் அதை எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட நம் தெருப் பையன்கள் பலருக்கு இது இன்னும் தெரியாது. 'படிப்பு இல்லை, சரிக்கட்டித் தருகிறேன்' என்று அவர்களிடம் யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

அந்த ஒரு வருடத்தைச் சும்மா கழிக்க வேண்டியதில்லை. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிகளைக் கார் லைசென்ஸை வைத்தே வாடகைக்கும் சரக்குக்கும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் விடவில்லை. கடைசியில் 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வும் அதையே உறுதி செய்துவிட்டது. ஆகவே 20 வயது ஆனவன் குட்டி யானையிலோ டாடா 407-லோ உட்கார்ந்து கலாசிபாளையத்துக்கு லோடு அடித்துச் சம்பாதித்துக்கொண்டே பழகலாம். சந்துக்குள் ரிவர்ஸ் எடுப்பது, சரக்கை எப்படி அடுக்கினால் வண்டி ஒரு பக்கம் சாயாது என்பது, கயிறு கட்டி தார்ப்பாய் போடுவது எல்லாம் இந்தக் கட்டத்திலேயே கைக்கு வந்துவிட வேண்டும்.

அடுத்தது காகிதம். டிரைவிங் ஸ்கூல் தரும் படிவம் 5, டாக்டர் தரும் படிவம் 1ஏ, அடையாளம், முகவரிச் சான்று. நீலசந்திராவுக்குப் பக்கத்தில் கோரமங்கலா ஆர்.டி.ஓ. இருக்கிறது. விண்ணப்பத்தை சாரதி இணையதளத்திலேயே போட்டுவிடலாம். மத்திய விதிகளில் உள்ள கட்டணம் எல்எல்ஆருக்கு 150 ரூபாய், ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு 300, கையில் இருக்கும் லைசென்ஸில் புது வகை சேர்க்க 500. சில்லறைச் செலவுகளைச் சேர்த்தாலும் அரசாங்கத்துக்குப் போவது சொற்பப் பணம்தான். தரகர் கேட்கும் தொகையோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் மிச்சம் எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றும்.

படிவம் 1ஏ-வைப் பலரும் வெறும் கையெழுத்து வேலையாகத்தான் பார்க்கிறார்கள். அதில் டாக்டர் சொல்ல வேண்டியவை என்ன? சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா, பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் கார் நம்பரைப் படிக்க முடிகிறதா, மாலைக்கண் உண்டா, காது கேட்கிறதா என்பவை. ராத்திரி முழுக்க எதிர் வண்டி வெளிச்சத்தைப் பார்த்து ஓட்டப் போகிறவன் நல்ல கண் டாக்டரிடம் ஒரு முறை உட்கார்ந்து, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிட்டு இந்தத் தொழிலுக்குள் நுழைவது அவனுக்குத்தான் நல்லது.

இனி முக்கியமான விஷயம். ஹெவி பயிற்சி 30 நாளுக்குக் குறையக் கூடாது, அதில் வண்டியை ஓட்டும் நேரம் 15 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. முதலுதவியும் பாடத்தில் உண்டு. நடப்பில் எத்தனை பேருக்கு அந்த 15 மணி நேரம் கிடைக்கிறது? மைதானத்தில் நாலு ரவுண்டு, பக்கத்தில் ஒருத்தர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் கொஞ்ச தூரம், அப்புறம் நேராகத் தேர்வு. லைசென்ஸ் வாங்கியவர்களிடம் விசாரித்தால் பாதிப் பேர் இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

முன்பெல்லாம் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. கிளீனராக ஏறிய பையன் டயர் தட்டிப் பார்த்து, ஏர் பிடித்து, டீ வாங்கி வந்து, டிரைவர் அண்ணனின் காலையும் கையையும் பார்த்துப் பார்த்தே தொழில் கற்றான். பிறகு ஆளில்லாத ரோட்டில் கொஞ்சம், ராத்திரியில் கொஞ்சம் என்று ஸ்டியரிங் அவன் கைக்கு வந்தது. அதில் அடியும் திட்டும் குறைந்த கூலியும் இருந்தன, சட்டப்படியும் அது சரியில்லை. ஆனால் வருடக்கணக்கில் ஒருவன் ரோட்டைப் பார்த்தான். இன்றைக்குப் பல வண்டிகளில் கிளீனரே கிடையாது. நேஷனல் பர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர் கட்டாயம் என்ற விதியையும் 2018-இல் நீக்கிவிட்டார்கள். அதே வருடம்தான் இரண்டு ஆக்சில் லாரியின் அனுமதி எடை 16.2 டன்னிலிருந்து 18.5 ஆகவும், மூன்று ஆக்சில் லாரிக்கு 25 டன்னிலிருந்து 28.5 ஆகவும் கூடியது. எடை ஏறியது, ஆள் குறைந்தது, சொல்லித்தர யாரும் இல்லை.

இதன் விலை என்ன என்பதை நம் ஊரிலிருந்து சேலத்துக்கு லோடு ஏற்றிப் போகிற எவரும் சொல்வார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி தாண்டினால் தொப்பூர் கணவாய். வருடா வருடம் லாரிகள் கட்டுப்பாடு இழந்து முன்னால் போகும் வண்டிகள் மேல் மோதுகிற இடம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்குவது அங்கே அடிக்கடி சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. நியூட்ரலில் விட்டால் இன்ஜின் வண்டியைப் பிடிக்காது, எக்சாஸ்ட் பிரேக்கும் உதவாது. பாரம் முழுக்க சக்கரத்து பிரேக் மேல் விழும். திரும்பத் திரும்ப மிதித்தால் டிரம் சூடேறி லைனிங்கின் பிடி தளரும், டேங்கில் ஏர் இறங்கும். அதற்குப் பிறகு பெடலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழைய டிரைவர்களின் பாடம் இதற்காகத்தான். சமதளத்து மைதானத்தில் நாலு ரவுண்டு சுற்றியவனுக்கு இது எப்படித் தெரியும்?

ஒழுங்காகக் கற்க இடங்கள் இல்லாமல் இல்லை. நாமக்கல்லில் அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி 1995 முதல் நடக்கிறது. தமிழ்நாட்டின் சாலைப் போக்குவரத்து நிறுவனத்துக்குக் கும்மிடிப்பூண்டியில் பயிற்சி மையம் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கான விதிகளைக் கொண்டுவந்தது. அங்கே ஹெவிக்கு ஆறு வாரம், 38 மணி நேரப் பயிற்சி. தேறினால் ஆர்.டி.ஓ.வில் ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. வேலைக்குப் போகிறவனுக்கு ஆறு வாரம் சம்பளம் விட்டுப்போவது சிரமம்தான். ஆனாலும் முப்பது வருடம் ஓட்டப் போகிற தொழிலுக்கு அது அதிகமில்லை.

தொழிலும் முன்பு போல இல்லை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். ஹெவி லைசென்ஸை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்தால் போதும். பெட்ரோல், கேஸ், ரசாயனம் ஏற்ற வேண்டுமானால் தனியாக மூன்று நாள் பயிற்சி எடுக்க வேண்டும், அந்த வண்டிகளுக்குப் பேட்டாவும் கூடுதலாகக் கிடைக்கலாம். ஒன்று மட்டும் மாறவில்லை. ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை, தொடர்ந்து ஐந்து மணி ஓட்டினால் அரை மணி ஓய்வு என்று 1961-லேயே சட்டம் போட்டார்கள். நெடுஞ்சாலையில் அதை மதிக்கிறவர்கள் குறைவு.

ஆகவே தம்பி, தரகரிடம் கொடுக்க வைத்திருக்கும் பணத்தைப் பயிற்சிக்குக் கொடு. சேருவதற்கு முன்னால் இரண்டு விஷயம் பார். பயிற்சி வண்டியில் ஆசிரியர் பக்கமும் பிரேக், கிளட்ச் இருக்க வேண்டும். பயிற்சி மாணவன் எந்தத் தேதியில் எத்தனை மணி ஓட்டினான் என்று எழுதும் படிவம் 15 என்ற பதிவேடும் அந்த ஸ்கூலில் இருக்க வேண்டும். அதில் ஓட்டாத நேரத்துக்குக் கையெழுத்துப் போடாதே.

போக்குவரத்துத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். அதன் தலைமை அலுவலகம் சாந்திநகரில், எங்கள் பேட்டைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஹெவி தேர்வுக்கு வரும் ஒவ்வொருவரின் படிவம் 15-ஐயும் வாங்கிப் பார்த்து, 15 மணி நேரம் உண்மையிலேயே ஓட்டினானா என்று அவனிடமே கேளுங்கள். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். இருக்கிற விதி நடக்கிறதா என்று கேட்டாலே போதும்.