'வயசாயிடுச்சு' என்றொரு வைத்தியம்

நம் ஊரில் எந்த நோய்க்கும் ஒரே விளக்கம் தயாராக இருக்கிறது: "வயசாயிடுச்சு சார்." முழங்கால் வலித்தாலும் அதுதான், காது மந்தமானாலும் அதுதான். அறுபது, எழுபது தாண்டிய நாமெல்லாம் இதைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். இப்போது வீட்டில் வளரும் சின்னப் பிராணிகளுக்கும் அதையே சொல்கிறார்கள். நமக்குச் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம், நாளைக்கு வேறு டாக்டரைப் பார்க்கலாம். கினி பிக் விஷயத்தில் அந்த வார்த்தையை நம்பி ஒரு ராத்திரி சும்மா இருந்தால், நாளை என்பது இருக்காது.

கினி பிக்குக்கும் என்னைப் போன்ற ரிட்டயர்டு ஆசாமிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஓசூரில் எனக்குத் தெரிந்த நாலைந்து வீடுகளில் ஒரே கதைதான். 2020 ஊரடங்கில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது பிள்ளைகளின் நச்சரிப்புத் தாங்காமல் வாங்கியது. நாய் என்றால் வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். கினி பிக் என்றால் பால்கனி மூலையில் ஒரு கூண்டு போதும். அப்புறம் மகனும் மருமகளும் எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஃபிளாட்டுக்குப் போனார்கள், கூண்டு மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. இந்தப் பிராணியின் ஆயுள் ஐந்திலிருந்து எட்டு வருடம். அன்றைக்குக் குட்டியாக வந்தது சீக்கிரமே கிழமாகிவிட்டது. ஆக, இரண்டு கிழங்கள் சேர்ந்து ஒரு கிழத்தைப் பார்த்துக்கொள்கிற குடும்பங்கள் இங்கே நிறைய.

(பெயரில்தான் பன்றி. பன்றிக்கும் இதற்கும் உறவில்லை, கினி தேசத்திலிருந்தும் வரவில்லை. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைக்காரர்கள் பல ஆயிரம் வருடங்களாக வளர்த்து வருவது. அங்கே இதற்கு 'குய்' என்று பெயர். பெருவில் இன்றைக்கும் இது விருந்துச் சாப்பாடு. இந்த விவரம் பேரப்பிள்ளைகள் காதில் விழ வேண்டாம்.)

இதன் உடம்பைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும். இதன் குடல் நிற்கவே கூடாது. நாள் முழுக்கப் புல்லை மென்று உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வாந்தி எடுக்க முடியாத பிராணி. பற்களும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், மெல்வதால்தான் தேயும். அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே அவசரம், ஒரு நாள் போனால் உயிருக்கே ஆபத்து. சிப்காட்டில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கன்வேயர் நின்றால் அடுத்த ஷிஃப்ட்காரன் வரட்டும் என்று யாரும் உட்கார்ந்திருக்க மாட்டோம்.

இன்னொரு சங்கடம், நோயை இது வெளியே காட்டாது. பருந்துக்கும் நரிக்கும் இரையாகிற இனம். சோர்ந்து கிடப்பது தெரிந்தால் முதலில் அதைத்தான் தூக்குவார்கள் என்பது அதன் ரத்தத்தில் ஊறியது. நம் கண்ணுக்கு நோய் தெரிகிறது என்றால், அது மறைக்கிற தெம்பையும் இழந்துவிட்டது என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் இருந்தவன் பட்டாணி. ஃப்ரிட்ஜ் கதவு திறந்தால் போதும், கொத்தமல்லிக் கட்டு வருகிறது என்று விசில் அடிப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் மனைவி, "ஏங்க, இவன் விசில் அடிக்கலையே" என்றாள். போய்ப் பார்த்தால் மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தான். ரோமம் சிலிர்த்திருந்தது, தாடை ஈரம். கூண்டில் புழுக்கை குறைவாகவும் காய்ந்தும் கிடந்தது. வாராவாரம் சமையலறைத் தராசில் நிறுத்துக் காலண்டரில் எழுதி வைப்பது அவள் வழக்கம். போன ஞாயிறு 930 கிராம், அன்றைக்கு 860.

தகவல் பரவியதும் ஆலோசனைகள் வந்தன. எதிர்வீட்டு நண்பர், "வயசாயிடுச்சு சார், நிம்மதியா விட்டுடுங்க" என்றார். நல்ல மனிதர், நல்லெண்ணத்தில் சொன்னார். இன்னொருவர் பேரனுக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப் மிச்சம் இருக்கிறது, இரண்டு சொட்டு விடுங்கள் என்றார்.

இந்த இரண்டாவது யோசனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா வீட்டு அலமாரியிலும் அந்த பாட்டில் இருக்கிறது. பென்சிலின், அமாக்சிசிலின் வகை மருந்தை வாய்வழியாகக் கொடுத்தால் கினி பிக்கின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்துப்போகும். அந்த இடத்தில் விஷம் கக்கும் கிருமி பெருகும். சில நாளில் பிராணி போய்விடும். 1943லேயே ஆராய்ச்சியாளர்கள் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். 1940 மே மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரி குழுவினர் பென்சிலினை முதலில் சோதித்தது எட்டுச் சுண்டெலிகளிடம். அன்றைக்குக் கினி பிக்கை எடுத்திருந்தால், இது விஷம் என்று மூடி வைத்திருப்பார்களோ என்று மருத்துவ வரலாறு படித்தவர்கள் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். 'சோதனைப் பிராணி' என்பதற்கே ஆங்கிலத்தில் இதன் பெயரைச் சொல்வது வழக்கம். உலகத்தையே காப்பாற்றிய மருந்து, அந்தப் பிராணிக்கு மட்டும் ஆகாது!

நான் முதலில் போன் செய்த தனியார் கிளினிக்கில், "நாய், பூனைதான் பார்ப்போம். ஆறு வயசா? அப்ப ஒண்ணும் பண்ண முடியாது" என்று பதில் வந்தது. பிராணியைக் கண்ணால் பார்க்காமலே தீர்ப்பு. அடுத்து, தெரிந்த ஒரு கால்நடை மருத்துவரைப் பிடித்தேன். "ஐயா, நான் மாடு, ஆடு பார்த்துக் கை பழகினவன். இதுல எனக்குப் பழக்கம் இல்லை. பெங்களூர்ல இதுக்குன்னே பார்க்கிறவங்க இருக்காங்க, இன்னைக்கே போங்க" என்றார். என்னைக் கேட்டால் அன்று நடந்த முதல் வைத்தியம் இதுதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரிடம் அனுப்புகிற டாக்டர் கிடைப்பது மனிதர்களுக்கே பாக்கியம்.

அட்டைப்பெட்டியில் துண்டு விரித்து, புல் போட்டு, கூட்டாளி சுண்டலையும் சேர்த்து வைத்துக் கிளம்பினோம். கூட்டமாக வாழ்கிற பிராணி, பழகின துணை பக்கத்தில் இருந்தால் பயம் குறையும். (சுவிட்சர்லாந்தில் ஒற்றைக் கினி பிக் வளர்ப்பதைச் சட்டமே தடுக்கிறது, 2008லிருந்து.) ஞாயிறு ராத்திரி அத்திப்பள்ளி வழியாகப் போவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சொந்த ஊர் போய்த் திரும்புகிற பெங்களூர்க் கூட்டம் மொத்தமும் அந்த ரோட்டில். நாற்பது கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முன்கூட்டியே போன் செய்திருந்ததால் டாக்டர் காத்திருந்தார்.

வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமும் உள்நோக்கி வளர்ந்து, பாலம் போலக் கூடி, நாக்கை அமுக்கிவிட்டிருந்தன. பசி இருக்கிறது, விழுங்க முடியவில்லை. "வயசானதாலயா டாக்டர்?" என்று கேட்டேன். கன்னடமும் தமிழும் கலந்து, "பல்லு வளர்ந்ததால" என்றார்.

வலிக்கு மருந்து, தோலுக்கடியில் திரவம், சிரிஞ்சில் ஆகாரம். இரண்டாம் நாள் மயக்கம் கொடுத்துப் பல்லை ராவினார்கள். இந்த வயதில் மயக்க மருந்தில் ஆபத்து உண்டு என்று மறைக்காமல் சொல்லித்தான் செய்தார்கள். அப்புறம் பத்து நாள் வீட்டில் மூன்று மணிக்கு ஒருமுறை ஊட்டல். ஊறவைத்துக் குழைத்த தீவனத்தை ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, வாயின் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக, மென்று விழுங்குகிறானா என்று பார்த்துப் பார்த்து. வயிறு உப்பியிருந்தால் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. பதினோராம் நாள் ஃப்ரிட்ஜ் திறந்ததும் விசில் கேட்டது.

செலவைக் கேட்ட ஒருவர், "அந்தக் காசுல இன்னும் பத்து வாங்கலாமே" என்றார். வாங்கலாம்தான். அதில் எது பட்டாணி என்று பேத்தி கேட்டால் என்ன சொல்வது?

பல் மட்டும் அல்ல, முதுமை என்று ஒதுக்கப்படுகிற வேறு சிலவும் முதுமை இல்லை. கினி பிக் நொண்டுகிறது, அசைய மறுக்கிறது, மூட்டு வீங்கியிருக்கிறது என்றால் மூட்டுத் தேய்மானம் என்போம். பல நேரம் அது வைட்டமின் சி பற்றாக்குறை. மாடு, ஆடு, நாய் எல்லாம் அந்தச் சத்தை உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். மனிதனாலும் கினி பிக்காலும் முடியாது. 1907ல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரூலிஹ் என்ற இருவர், தானியம் மட்டும் தின்ற கினி பிக்குகளுக்கு, கப்பல் மாலுமிகளுக்கு வருகிற ஸ்கர்வி நோய் வருவதைக் கண்டார்கள். ஒரு கிலோ எடைக்குத் தினம் 10 முதல் 30 மில்லிகிராம் தேவை, நோயில் இன்னும் கூடுதல். தளி, கெலமங்கலம் பக்கம் பசுமைக்குடில்களில் விளைகிற குடைமிளகாயில் ஒரு துண்டு தினம் கொடுத்தால் பெரும்பாலும் போதும். சத்து என்று நினைத்துக் குதிரைமசாலை மட்டும் போடுபவர்களும் உண்டு. வளர்ந்த பிராணிக்கு அதில் சுண்ணாம்பு அதிகம், சிறுநீர்க் கல்லுக்கு வழி. அருகம்புல் உத்தமம். சிறுநீரில் ரத்தம், சிறுநீர் கழிக்கும்போது கத்துவது, இவையும் மறுநாளுக்குத் தள்ளக்கூடாதவை.

பட்டாணி அதற்கப்புறம் ஏழு மாதம் இருந்தான். மறுபடி ஒருநாள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தான், காது சில்லென்று இருந்தது. மறுபடி அதே ரோடு, அதே டாக்டர். எக்ஸ்ரேயில் இரண்டு சிறுநீரகத்திலும் கல். "இந்த வயசுல இனிமே ஆபரேஷன் வேண்டாம், வலியில்லாம அனுப்பி வைக்கலாம்" என்றார். பேத்தி போனில், "தாத்தா, அவன் பக்கத்துல இருங்க" என்றாள். இருந்தோம்.

இந்தத் தடவையும் வயதைத்தான் காரணம் சொன்னார்கள். ஆனால் பரிசோதித்துவிட்டுச் சொன்னார்கள். போனில் கேட்டு ஒதுக்கியவர்களுக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான், அது ஏழு மாத வித்தியாசம்.

நம் மத்திகிரி கால்நடைப் பண்ணை 1824ல் குதிரைகளுக்காகத் தொடங்கியது. பிராணி வைத்தியம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. மாடு, ஆட்டுக்கு 1962 என்ற எண்ணும் இருக்கிறது. கினி பிக்குக்கும் முயலுக்கும் தனி ஆஸ்பத்திரி கட்டச் சொல்லவில்லை. ஒவ்வொரு அரசு கால்நடை மருந்தகத்தின் வாசலிலும், சின்னப் பிராணிகளை ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ பெங்களூரிலோ யார் பார்க்கிறார்கள், எத்தனை மணி வரை, என்ன நம்பர் என்று ஒரு பலகை வைத்தால் போதும். பெயிண்ட் செலவைத் தவிர வேறு செலவில்லை. அது வரும்வரை இந்தப் பிராணி இருக்கிற வீட்டுக்காரர்கள் அந்த நம்பரை இன்றைக்கே விசாரித்து, தராசுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை இருப்பாரா என்றும் கேட்டு எழுதுங்கள்.