நோயின் பெயரை மறைப்பது யார்?

மத்தியப் பிரதேசத்திலே ஜாபுவா என்றொரு மாவட்டம், அதையடுத்து அலிராஜ்பூர். பழங்குடி மக்கள் வாழும் மேட்டு நிலம். வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் வயல் பொய்க்கும். வயல் பொய்த்தால் அடுப்பு அணையும். அடுப்பு அணைந்த வீடுகளிலிருந்து ஆணும் பெண்ணும் மூட்டை கட்டிக்கொண்டு எல்லை தாண்டினார்கள். குஜராத்திலுள்ள கோத்ராவுக்குப் போனார்கள். அங்கே ஆலைகள் இருந்தன. நம் ஊரில் வெங்கச்சங்கல் என்போமே, அந்த வெள்ளைக் கல்லை மாவாக அரைக்கும் ஆலைகள். கண்ணாடித் தொழிலுக்கு அந்த மாவு வேண்டும். அரைத்துக் கொடுத்தார்கள், கூலி வாங்கினார்கள். கூலியோடு இன்னொன்றையும் நெஞ்சுக்குள்ளே வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

முதலில் இருமல். பிறகு மேடு ஏறினால் மூச்சிரைப்பு. பிறகு சமதரையிலும் மூச்சிரைப்பு. பிறகு பாய். பிறகு பாடை!

இப்படி மாண்டவர்கள் என்று மனித உரிமை ஆணையத்தின் கணக்கிலே ஏறியவர்கள் மட்டும் 238 பேர். கணக்கில் ஏறாதவர்களை யார் எண்ணினார்கள்?

இவர்களைக் கொன்றது எது? பஞ்சமல்ல, பாம்பல்ல. தூசி! வெறும் கல் தூசி! அதற்கு மருத்துவர் இட்ட பெயர் சிலிக்கோசிஸ்.

கல்லிலும் மணலிலும் இருக்கும் சிலிக்கா, கல்லாகக் கிடக்கும்வரை யாருக்கும் கேடு செய்வதில்லை. அதை உடைக்கும்போதும், துளைக்கும்போதும், அறுக்கும்போதும், அரைக்கும்போதும் எழும் தூசியிலேதான் எமன் இருக்கிறான். கண்ணுக்குத் தெரியும் தூசியைப் பெரும்பாலும் மூக்கும் தொண்டையும் தடுத்துச் சளியோடு வெளியே தள்ளிவிடும். ஒரு மில்லிமீட்டரை 100 கூறாக்கினால் ஒரு கூறைவிடச் சிறியதாக இருக்கும் தூள்தான் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய் உட்காருகிறது. உடம்பைக் காக்கும் உயிரணு அதை விழுங்குகிறது. விழுங்கிய உயிரணு சாகிறது. அந்த இடம் தழும்பாகிறது. தழும்பு காற்றை வாங்குமா? வாங்காது. வேலையை விட்டு நின்றாலும் தழும்பு வளர்வது நிற்பதில்லை. இந்நோயைக் குணமாக்கும் மருந்து இன்றுவரை கிடையாது. இதே தூசி புற்றுநோயையும் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-இல் அறிவித்துவிட்டது.

வந்தால் போக்க முடியாத நோய் இது. ஆனால் வராமல் தடுக்க முடிந்த நோய்! இதை நம் தோழர்கள் நெஞ்சிலே எழுதிக்கொள்ள வேண்டும்.

தடுக்க முடிந்ததை ஏன் தடுக்கவில்லை? இங்கேதான் பெயரின் கதை வருகிறது.

இருமல், இளைப்பு, எக்ஸ்ரே படத்திலே நிழல். காசநோய்க்கும் இவைதான் அடையாளம். தூசி தின்ற நெஞ்சிலே காசநோய் எளிதாகக் குடியேறவும் செய்யும். எனவே ஏழைத் தொழிலாளி ஆஸ்பத்திரிக்குப் போனால், சீட்டிலே டி.பி. என்று எழுதி மாத்திரை கொடுக்கிறார்கள். சளியைச் சோதிக்கிறார்கள், ‘என்ன வேலை பார்த்தாய், எத்தனை ஆண்டு பார்த்தாய்’ என்று கேட்பதற்கு நேரமில்லை. மாத்திரை தின்கிறான், இருமல் நிற்கவில்லை, ஒருநாள் அவனே நின்றுவிடுகிறான்.

டி.பி. என்று எழுதினால் அது காற்றிலே வந்தது, காலக்கொடுமை, தலைவிதி. சிலிக்கோசிஸ் என்று எழுதினால்? அது ஓர் ஆலையிலே வந்தது. அந்த ஆலைக்கு ஒரு முதலாளி இருக்கிறார். அவரைக் கண்காணிக்க ஓர் அதிகாரி இருக்கிறார். அவர்கள் இருவரும் பதில் சொல்லியாக வேண்டும்! ஒரு சொல்லை மாற்றிவிட்டால் குற்றம் விதியாகிவிடுகிறது. சொல் மாறியதால் யாருக்கு லாபம் என்று கேட்கிறோம்.

இது புதிய தந்திரமும் அல்ல. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில், 1930-இல் மலையைக் குடைந்து சுரங்கவழி வெட்டினார்கள். பாறை முழுதும் சிலிக்கா. துளையிடும்போது தண்ணீர் விட்டால் தூசி அடங்கும் என்பது அன்றே தெரியும். ஆனால் உலர்ந்த துளை வேகமாக இறங்கும், வேகம் லாபம்! உள்ளே சென்றவர்களில் பெரும்பாலோர் வேலை தேடி வந்த கறுப்பு மக்கள். அவர்கள் சாகத் தொடங்கியபோது, நிமோனியா என்றார்கள். 1936-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தது. மாண்டவர்கள் 764 பேருக்குக் குறையாது என்று 1986-இல் ஒரு மருத்துவர் ஆராய்ந்து எழுதினார். அரைநூற்றாண்டு கழித்து எண்ணிக்கை வந்தது, உயிர் வந்ததா?

அமெரிக்கா தூரம் என்பீர்களானால், கோலார் தங்கவயல் பக்கம்தானே! வட ஆர்க்காட்டுச் சீமையிலிருந்து நம் மக்கள் சாரை சாரையாகப் போய், பூமிக்குள்ளே 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழத்தில் பாறை உடைத்த இடமல்லவா அது! அங்கே 1940-களில் 7,653 தொழிலாளரைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 40 பேருக்கு மேல் நெஞ்சிலே சிலிக்கோசிஸ்! தங்கம் இங்கிலாந்துக்குப் போயிற்று. தூசி தமிழன் நெஞ்சிலே தங்கிற்று. சுரங்கத்தை 2001-இல் மூடினார்கள். வளர்ந்த தழும்பை யாரால் மூட முடிந்தது?

கோத்ராத் தூசியின் வழக்கு 2006-இல் உச்ச நீதிமன்றத்தின் படியேறியது. அந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் குஜராத் அரசு கொடுக்க வேண்டும், உயிரோடிருக்கும் 304 நோயாளிகளுக்கு மத்தியப் பிரதேச அரசு மறுவாழ்வு தர வேண்டும் என்று மனித உரிமை ஆணையம் 2010-இல் சொன்னது. பணத்தைக் கொடுக்கச் சொல்லி நீதிமன்றமே ஆணையிட 2016 ஆயிற்று. வழக்குப் போட்டுப் பத்தாண்டு! அதுவும் யார் பணம்? ஆணை போனது அரசாங்கத்துக்கு. அதாவது மக்கள் வரிப்பணம். தூசியைப் பறக்கவிட்ட முதலாளியின் பெட்டி திறக்கவில்லை. 2024 ஆகஸ்டில் அந்த வழக்கை முடித்த உச்ச நீதிமன்றம், தூசித் தொழில்களைக் கவனிக்கும் பொறுப்பைப் பசுமைத் தீர்ப்பாயத்திடமும், இழப்பீட்டைக் கவனிக்கும் பொறுப்பை மனித உரிமை ஆணையத்திடமும் ஒப்படைத்தது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் டில்லியிலே இருக்கும் ஆணையத்தின் கண், மலையடிவாரத்துக் கிரஷர் வரை எட்டுமா?

சட்டம் இல்லையா என்று கேட்பவர் உண்டு. உண்டு, ஐயா, உண்டு! 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, கண்டால் அரசுக்கு அறிவித்தே தீரவேண்டிய நோய்களின் பட்டியலில் இதன் பெயர் ஏறிவிட்டது. 2020-இல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் அந்தப் புதிய சட்டம், மின்சாரம் கொண்டு ஓடும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்ததை 20 பேர் என்று உயர்த்திவிட்டது. 12 பேர் வேலை செய்யும் அரவை ஆலையின் தூசி, ஆளை எண்ணிப் பார்த்துவிட்டா நெஞ்சுக்குள் நுழைகிறது? ஆபத்தான தொழில் என்று அரசு அறிவித்தால் ஒரே ஒருவர் வேலை செய்யும் இடத்துக்கும் சட்டம் செல்லும் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அந்த வழியைத் திறக்கச் சொல்கிறோம். கல் உடைப்பு, கல் அரைப்பு, கல் அறுப்பு, மணல் ஊதிச் சுத்தம் செய்தல் ஆகிய அத்தனையும் அந்த அறிவிப்பிலே இடம்பெற வேண்டும்.

மனமிருந்தால் மார்க்கமுண்டு என்பதற்குச் சான்றும் இருக்கிறது. ராஜஸ்தான் அரசு 2019-இல் இதற்கென ஒரு கொள்கை வகுத்து, நோய் உண்டென்று சான்று பெற்றவருக்கு 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் என்று வைத்தது. பெயர் எழுதப்பட்டதும் உரிமை பிறந்தது, பார்த்தீர்களா! ஆஸ்திரேலியா ஒரு படி மேலே போயிற்று. சமையலறை மேடைக்குப் பதிக்கும் செயற்கைக் கல்லை அறுத்த இளைஞர்கள் நோயில் விழுந்ததும், அந்தக் கல்லையே 2024 ஜூலை 1 முதல் தடை செய்துவிட்டது.

‘முகமூடி கொடுத்தோம், அவன்தான் போடுவதில்லை’ என்று முதலாளிகள் சொல்வார்கள். தோளிலே கிடக்கும் துண்டை மூக்கிலே கட்டினால் இந்தத் தூள் நிற்காது; பெரிய தூசிதான் நிற்கும். சரியான முகமூடியும் கடைசிக் காவல்தான். முதல் காவல் தண்ணீர்! துளையிடும் முனையிலும் அறுக்கும் பல்லிலும் தண்ணீர் விடவேண்டும். அரைக்கும் யந்திரத்தை மூடியால் மூடவேண்டும். தூசி எழும் இடத்திலேயே குழாய் வைத்து உறிஞ்சவேண்டும். உலர்ந்த தூசியைத் துடைப்பத்தால் கூட்டுவதும், காற்றுக் குழாயால் ஊதுவதும் நிற்கவேண்டும். இவை கோடி ரூபாய் விஞ்ஞானமா? நூறாண்டுக்கு முன்பே தெரிந்த பாடம்!

கல் குவாரியிலே, எம்-சாண்ட் கிரஷரிலே, கோவை வார்ப்படப் பட்டறையிலே, திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டியிலே உழைக்கும் தோழர்களே! இருமல் நிற்கவில்லையென்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனதும், அவர்கள் கேட்காவிட்டாலும், ‘நான் கல் தூசியிலே வேலை பார்த்தவன், இத்தனை ஆண்டு பார்த்தவன், அதைச் சீட்டிலே எழுதுங்கள்’ என்று நீங்களே சொல்லுங்கள். கூலிச் சீட்டோ, அடையாள அட்டையோ, எதுவாயினும் தூக்கி எறியாதீர்கள். நாளை அதுவே சாட்சி. சங்கம் இருக்குமிடத்தில், ஆண்டுக்கொரு முறை நெஞ்சுப் படம், வேலையிடத்துத் தூசியின் அளவு, இரண்டையும் கேட்டு வாங்குங்கள். சங்கம் இல்லாத இடத்தில் சங்கம் வையுங்கள்.

நோய்க்கு அதன் பெயரைச் சூட்டுங்கள் என்று ஆட்சியாளரைக் கேட்கிறோம். கல்லுக்குத் தண்ணீர் விடுங்கள் என்று முதலாளிகளைக் கேட்கிறோம். இரண்டும் நடக்கும்வரை, ஒவ்வொரு கூட்டத்திலும் ஒவ்வொரு மேடையிலும் கேட்டுக்கொண்டே இருப்போம்!