சிலம்பின் உட்பரல்

சென்ற வாரம், கந்தப்பளை மூடுபனி வகுப்பறை யன்னல்வரை வந்து நின்ற ஒரு காலைப்பொழுதில், உயர்தர வகுப்பு மாணவருக்குச் சிலப்பதிகாரத்து வழக்குரை காதையைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். கண்ணகியின் சிலம்பும் கோப்பெருந்தேவியின் சிலம்பும் புறத்தோற்றத்தில் வேறுபாடற்றவை. உள்ளிட்ட பரல்களே வேறு. ஒன்றில் மாணிக்கம், மற்றதில் முத்து. சிலம்பு உடைந்தது, உண்மை வெளிப்பட்டது. ஆனால் கோவலன் அதற்கு முன்பே கொலையுண்டுவிட்டான். அப்பொழுது பின்வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அவனைக் கொல்வதற்கு முன்னரே அந்தச் சிலம்பை உடைத்துப் பார்க்க அரண்மனையில் ஒருவரும் இல்லையா?" என்று கேட்டாள்.

இக்காதையை நெடுங்காலமாகக் கற்பித்துவரும் எனக்கு இவ்வினா ஒருநாளும் தோன்றியதில்லை.

சிலம்பை முதலில் உடைத்துப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டோர் இன்று உளர். குற்றவியற் பரிசோதனைக்கூடங்களில் இரத்தக்கறையையும் உமிழ்நீரையும் மயிர்வேரையும் ஆராய்ந்து, அவற்றிலுள்ள மரபணுவைப் பிரித்தெடுத்து, இன்னாருடையது, இன்னாருடையதன்று என்று சான்று பகரும் விஞ்ஞானிகளே அவர்கள். மனிதர் எல்லாருடைய மரபணுவும் ஆயிரத்துக்கு 999 பங்கு ஒத்திருக்கும். எஞ்சிய சிறு பங்கிலே, இலக்கணத்தில் அடுக்குத்தொடர் என்போமே, அதுபோல ஒரு குறுந்தொடர் மீண்டும் மீண்டும் அடுக்கி வரும் இடங்கள் உண்டு. எத்தனை முறை அடுக்குகின்றது என்பது ஆளுக்காள் வேறுபடும். இருபதளவான இடங்களில் அதனை எண்ணிப் பார்த்தால், ஒரே கருவினின்று பிறந்த இரட்டையர் நீங்கலாக, ஒருவரை மற்றவரினின்றும் பிரித்தறியலாம். மனிதனின் உட்பரல் இதுவே.

இம்முறையை 1984இல் கண்டறிந்தவர் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்து அலெக் ஜெப்ரீஸ். கொலை விசாரணையில் அது முதன்முதற் செய்த பணி குற்றவாளியைப் பிடித்ததன்று. குற்றமற்ற ஒருவனை விடுவித்ததேயாம். லெஸ்டருக்கு அண்மையில் 1983இலும் 1986இலும் 15 வயதுச் சிறுமியர் இருவர் கொல்லப்பட்டனர். இரண்டாவது கொலையைத் தான் செய்ததாக 17 வயது இளைஞன் ஒருவன் ஒப்புக்கொண்டான். சோதித்தபோது, இரண்டையும் செய்தவன் ஒருவனே என்பதும், அவன் இந்த இளைஞனல்லன் என்பதும் தெளிவாயின. பின்னர் சுற்றுக் கிராமங்களின் ஆடவர் ஏறத்தாழ 5,000 பேரிடம் மாதிரிகள் பெறப்பட்டன. தனக்குப் பதிலாக வேறொருவனை இரத்தம் கொடுக்கச் செய்திருந்த உண்மைக் குற்றவாளி 1987இல் அகப்பட்டான்.

இதனை அயல்நாட்டுக் கதையென்று ஒதுக்குவதற்கில்லை. நம் நாட்டில் 2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவையில் ஒரு பாலகி கொலையுண்டபோது நாடே கொதித்தெழுந்தது. முதலில் 17 வயது மாணவர் ஒருவரும் இன்னொருவரும் கைதாயினர். அவர்களுக்கும் அக்குற்றத்துக்கும் தொடர்பில்லையென்று மரபணுச் சோதனை காட்டிற்று. அடுத்துக் கைதானவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் எனப் பொலிஸார் அறிவித்தனர். அவருடைய மரபணுவும் பொருந்தவில்லை. பொருந்தியது அவருடைய சகோதரரின் மரபணு. 2016 மார்ச்சில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் அச்சகோதரரையே குற்றவாளியாகக் கண்டு மரணதண்டனை விதித்தது. மரபணுவைச் சோதிக்கும் வழி இல்லாதிருந்த காலமாயின், முன்னவர் மூவருள் எவர் தலையில் அப்பழி விழுந்திருக்கும் என்று எண்ணும்போது நெஞ்சு நடுங்குகின்றது.

ஆயினும், பரிசோதனைக்கூடத்தின் சொல்லைத் தெய்வவாக்காகக் கொள்ளுதலும் தவறே. ஜேர்மனியில் 2007இல் ஹைல்புரொன் நகரிற் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் கொல்லப்பட்ட இடத்திலும், களவும் கொலையும் நிகழ்ந்த வேறு பல இடங்களிலும், ஒரே பெண்ணின் மரபணு காணப்பட்டது. அவளைத் தேடி விசாரணையாளர் ஆண்டுக்கணக்காக அலைந்தனர். 2009இல் உண்மை தெரிந்தது. தடயம் ஒற்றியெடுக்கும் பஞ்சுக்குச்சிகளைத் தொழிற்சாலையிற் பொதிசெய்த ஒரு தொழிலாளிப் பெண்ணின் மரபணுவே அது! நாம் பருகும் தேநீரிற் கொழுந்தெடுத்த கையை எவரும் நினைப்பதில்லை. அங்கே குச்சி பொதிந்த கையை எவரும் நினைத்திலர். ஆதலால் நல்ல ஆய்வாளர் கையுறையும் முகமறைப்பும் அணிந்து, தன் தும்மலும் பிறனொருவனுக்கு வினையாகுமோ என்றஞ்சியே வேலை செய்வார். எதுவும் படியாத வெறும் மாதிரியையும் உடன்வைத்துச் சோதிப்பார். இது யாருடையது என்பாரேயன்றி, எப்பொழுது வந்தது, எதற்காக வந்தது என்று தாம் அறியாததைச் சொல்லார். அறிந்த அளவிற்கு மேல் ஒரு சொல்லும் கூறாமையே சான்றோன் இலக்கணம்.

மலையகத்தாராகிய நமக்கு இது தொலைவான செய்தியன்று. ஒரு பொருள் காணாமற் போனால் முதலில் லயத்துக் கதவு தட்டப்படுவதை நாம் கண்டிருக்கின்றோம். தமக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் ஒப்பமிட்டவர்களையும் அறிவோம். பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளித்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு மாறாக நிரூபிக்கலாகாது என 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம் விதித்தது. ஆயினும் ஊரார் வாய்க்கு அச்சட்டம் இல்லை. சொல் தோற்கும் இடத்தில் எளியவனுக்குத் துணைநிற்பது பொருட்சான்று ஒன்றே. ஆகவே, அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குக் கருவியும் ஆளும் குறைவின்றி வழங்கப்படல் வேண்டும். அறிக்கைக்காக விளக்கமறியலிற் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் குற்றமற்றவனுக்குத் தண்டனையே.

கருவியை வாங்கலாம், ஆளை உருவாக்கவேண்டும். அன்று அவ்வினாவை எழுப்பிய மாணவி கொழுந்தெடுக்கும் தாய் ஒருத்தியின் மகள். உயிரியல் படிக்க விரும்பியவள். போய்வரக்கூடிய தூரத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலை இல்லாமையாற் கலைப்பிரிவிற் சேர்ந்தாள். பெருந்தோட்டப் பாடசாலைகள் பலவற்றின் நிலை இன்றும் இதுதான். எனக்கு நல்ல தமிழ் மாணவி ஒருத்தி கிடைத்தாள். சிலம்பை முதலிலேயே உடைத்துப் பார்க்கக்கூடிய ஒருத்தியை நாடு இழந்தது. தமிழாசிரியனாகிய எனக்கு இந்தக் கணக்கில் மகிழ்ச்சியில்லை.